புளியில் தேய்த்த இரும்புத் தட்டு

கடலை நான் இதுவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் காலை நனைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆனால் கடலின் அடித்தரையில் கிடந்த கல்லைப் பல வருஷம் என் கையால் உடைத்து, அரைத்து, மாவாக்கியிருக்கிறேன். அதுவும் ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு. கடலே இல்லாத ஊரில் கடல் கல்லுக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் உலோகங்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் கடைநிலை ஊழியர். அவர் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எண் தெரியும், கையெழுத்துப் போடுவேன். இதைக்கூட ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் என்று மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் வேலையில் என்னை ஒரு குறை சொல்ல யாரையும் விட்டதில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட என் அறைக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

கல் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். அந்த எண் கடலில் ஓர் இடம். கப்பலிலிருந்து வலையை இறக்கி அந்த இடத்துத் தரையிலிருந்து வாரி எடுத்த கல். கன்னங்கரேல் என்று, உருளைக்கிழங்கு அளவில் இருக்கும். தொட்டால் கையெல்லாம் அடுப்புக்கரி போல ஒட்டிக்கொள்ளும். அதற்குள் செம்பும் நிக்கலும் இருக்கிறதாம். எந்த இடத்துக் கல்லில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் இடத்தின் வேலை.

கல்லை முதலில் சுத்தியால் உடைப்பேன். பிறகு அரைப்பேன். அதற்கு ஒரு கனத்த இரும்புத் தட்டும் இரும்புக் குழவியும் உண்டு. அம்மியைப் போலத்தான், நின்றுகொண்டு அரைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பொடியைக் கூம்பாகக் குவித்து, உச்சியைத் தட்டி அப்பம் போலப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒதுக்க வேண்டும். மறுபடி குவி, மறுபடி பிரி. கடைசியில் பெட்டிக் கல் அத்தனையின் குணமும் ஒரு பிடிப் பொடிக்குள் வந்துவிடும். என் கூம்பு ஒரு பக்கமும் சரியாது. அதைப் பார்ப்பதற்கென்றே பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பொடியை என்னிடம் வாங்கிச் சோதிக்கிற அதிகாரி ஒரு பெண். தமிழ்க் குடும்பம்தான். அப்பா குஷாய்குடா பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேயே. தமிழில் ஆரம்பித்தால் நடுவில் இந்தி வந்து உட்காரும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அம்மா என்பார்.

ஒரு நாள் ஒரு கல்லை உடைத்தேன். நடுவில் பளபளவென்று முக்கோணமாக ஏதோ இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சுறா பல்லு அம்மா இது. கீழே விழுந்த பல்லு மேல கொஞ்சம் கொஞ்சமா படிஞ்சு படிஞ்சு இந்தக் கல்லு வளர்ந்திருக்கு."

"கல்லு வளருமா மேடம்?"

"ஹவ், வளரும். ஒரு நகம் கனத்துக்கு வளர்றதுக்குள்ள மனுஷ ஜாதி பொறந்து இவ்ளோ தூரம் வந்தாச்சு. அவ்ளோ மெதுவு."

கையில் இருந்த சுத்தியைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை நூறு கல்லை உடைத்திருப்பேன்! யாரும் இதைச் சொல்லவில்லையே.

"நாம வாரிட்டு வந்துட்டா அங்க மறுபடி வருமா?"

"வரும். பார்க்க நாம இருக்க மாட்டோம்."

"அங்க உசுரு ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கே. கண்ணில்லாத ஜந்துங்க, புழு, பஞ்சு மாதிரி ஒண்ணு இந்தக் கல்லு மேலயே ஒட்டிக்கிட்டு வாழும். இப்போ வலையில கொஞ்சம்தான் எடுக்கறோம். அப்புறம் மெஷினை இறக்கி வாரப் போறாங்க. சேறு புகை மாதிரி கிளம்பும்."

"அது எங்க போய் உக்காரும்?"

"தெரியாது அம்மா."

"இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தா லாபமாச்சும் உண்டா?"

"அதுவும் தெரியாது. செம்பு, நிக்கல் விலை ஏறினா உண்டு. இறங்கினா கப்பலோட டீசலுக்கே கட்டாது."

படித்தவர்கள் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. டாக்டர் சொல்ல மாட்டார், பாங்குக்காரர் சொல்ல மாட்டார். இவர் இரண்டு கேள்விக்கு இரண்டு முறை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு ஒரே மகன். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்தான். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். இவனுக்கு விசா வாய்க்கவில்லை. மாதாப்பூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தான். அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கடலடியில் ஊர்ந்துபோய்க் கல் வாருகிற அந்த இயந்திரத்தைக் கப்பலில் இருந்தபடி ஓட்டுவதற்கான புரோகிராம் எழுதுவது. நான் உடைக்கிற கல்லை வாரப்போகிற கை என் மகனுடையது என்று தெரிந்தபோது முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்தேன்.

பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அம்மா, மெஷின் டிரயலுக்கு நேனு கூட வெள்தான். கப்பல்ல. நாப்பது நாள்."

அவனுக்குத் தமிழ் புரியும், பேசும்போது தெலுங்கு முன்னால் வந்துவிடும்.

"நீ எதுக்குடா போகணும்? நீ எழுதறவன்தானே?"

"எழுதினவன் பக்கத்துல உக்காரணும் அம்மா. கீழே ஏதாச்சும் ஆச்சுன்னா?"

ஏதாச்சும் ஆச்சுன்னா. அதைத்தான் நானும் கேட்க இருந்தேன். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். நம் வீட்டு வாசலில் பஸ் ஏறி நாலைந்து ஸ்டாப் போகிற தூரம் இருக்குமே, அது அப்படியே நேராகக் கீழே என்றான். அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எனக்கு மேலே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

அது அமெரிக்காவில் பாங்குகள் விழுந்த வருஷம். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகளைக் கம்பெனிகள் வீட்டுக்கு அனுப்பியிருந்தன. காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள், அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று. செம்பு விலை சடசடவென்று இறங்குகிறது என்று மேடம் சொன்னார். மகனுடைய முதலாளியும் வெளிநாட்டுக் கூட்டாளியும் இந்த வேலையை மேலே கொண்டு போகலாமா, கைகழுவலாமா என்று யோசிக்கிறார்களாம். கைகழுவினால் இவனுக்கும் பூங்காதான்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் அறையில் ஆயுத பூஜை என்றால் என் ராஜ்யம். வெறும் குங்குமம் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் சுத்தம் வேண்டும். மண்ணும் தாதுவும் சலிக்கிற பித்தளைச் சல்லடைகள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கும். பெரிய தொட்டியில் புளியைக் கரைத்து அத்தனையையும் ஊறப்போட்டேன். அந்த வருஷம் மகனை நினைத்து, எல்லாம் நல்லபடியாக முடியவேண்டும் என்று, கூடுதல் சிரத்தை. இரும்புத் தட்டும் குழவியும் எப்போதும் தனியாகத் துணியால் துடைப்பவைதான். அவற்றையும் அதே தொட்டியில் இறக்கிவிட்டேன். மத்தியானம் போட்டது, சாயங்காலம் எடுத்துத் துடைத்தேன். சல்லடைகள் தங்கம் மாதிரி மின்னின. இரும்புத் தட்டில்கூட ஓர் இளஞ்சிவப்பு ஓடியிருந்தது. பழைய கறுப்பு போய் இரும்புக்கே களை வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தோம். டைரக்டர் வந்து பார்த்து, "இந்த ரூம்தான் ரூம்" என்றார்.

லீவு முடிந்து முதலில் அரைத்தது அறுபத்திரண்டாம் எண் பெட்டி. சாயங்காலம் பார்த்தபோது தட்டு பழையபடி கறுத்திருந்தது. கடல் கல்லின் கறை என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து மேடம் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். "அம்மா! அறுபத்திரண்டுல செம்பு நல்லா கூடியிருக்கு! ரெண்டு தடவ பார்த்துட்டேன், அதே பொடியில. துத்தநாகம்கூட கொஞ்சம் ஜாஸ்தி. புது இடம்ல, அதான் போல." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், ஏதோ நானே கடலுக்குள் போய்ச் செம்பை வைத்துவிட்டு வந்ததுபோல. நிஜத்தில் அதைத்தான் செய்திருந்தேன்.

இயந்திரத்தை எங்கே இறக்கிப் பார்ப்பது என்று ஒரு பட்டியல் இருந்தது. அறுபத்திரண்டாம் இடம் அதில் இல்லவே இல்லை, இப்போது முதலாவதாக வந்துவிட்டது. மகன் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். "உங்க ஆபீஸ் ரிப்போர்ட்டாலதான் அம்மா! வெளிநாட்டுக்காரன் இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னுட்டான். ஆனா அந்த இடம் மத்ததைவிட ஆழம். தரையும் மேடு பள்ளமா இருக்கும்ங்கறாங்க. பரவால்ல, சூசுகுந்தாம்."

பார்த்துக்கொள்வோம் என்றான். எப்படிப் பார்த்துக்கொள்வான்?

தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டில் குத்துவிளக்கையும் பித்தளைத் தாம்பாளத்தையும் புளித்தண்ணீரில் போட்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த இரும்புத் தோசைத் திருப்பி தவறி உள்ளே விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் அதன் முகத்தில் இளஞ்சிவப்பு. அதே சிவப்பு. விரலால் தேய்த்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். செம்புச் சொம்பின் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நிறம்.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் சமையல் தெரியும். புளி பித்தளையைத் தின்கிறது, தின்றதைக் கொண்டுபோய் இரும்பின்மேல் பூசுகிறது. அந்தப் பூச்சோடுதான் அறுபத்திரண்டாம் பெட்டிக் கல்லை அரைத்திருக்கிறேன். கடலில் அந்தச் செம்பு இல்லை. அது என் சல்லடையின் செம்பு. இல்லாத ஒன்றைத் தேடி ஒரு கப்பல் போகப்போகிறது, இருப்பதிலேயே ஆழமான இடத்துக்கு, என் மகனை ஏற்றிக்கொண்டு. அங்கே தரையைச் சுரண்டி, அந்தப் புழு பூச்சிகளின் மேல் சேற்றைக் கிளப்பி, கடைசியில் ஒன்றும் இல்லை என்று திரும்பும். திரும்பினால்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துவிடும்போது அவன் தலை என் கைக்குக் கீழே சூடாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் வேலை போகும். ஓய்வுபெற இரண்டு வருஷம்கூட இல்லாத என் வேலையும் போகலாம். இத்தனை வருஷம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? சொல்லாவிட்டால்? வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இயந்திரத்தைத் தொங்கவிட்ட கம்பிவடம் எங்கோ அறுவதுபோல இருந்தது.

லீவு முடிந்த அன்று தோசைத் திருப்பியைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கப்பல் கிளம்ப இன்னும் பத்து நாள். மேடத்தின் மேஜையில் அதைப் பிரித்து வைத்தேன்.

"கைக்கு அம்மா? எதுக்கு இது? தோசை ஊத்தப் போறீங்களா?" என்று சிரித்தார்.

"இது இரும்பு மேடம். புளித்தண்ணில பித்தளையோட கிடந்துச்சு. செவப்பைப் பாருங்க."

பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆயுத பூஜைக்கு நம்ம இரும்புத் தட்டையும் சல்லடையோட சேர்த்து ஊறப்போட்டேன். அதுக்கப்புறம் முதல்ல அரைச்சது அறுபத்திரண்டு."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தனக்குத்தானே, "துத்தநாகம்," என்றார். பித்தளையில் செம்போடு இருப்பது அதுதானாம். "எனக்கு அங்கயே உறைச்சிருக்கணும். உறைக்கல. நல்ல சேதியா இருந்துச்சு, அதான்."

அறுபத்திரண்டாம் பெட்டியில் உடைக்காத கல் பாதி மிச்சம் இருந்தது. எப்போதும் பாதியை வைத்திருப்பது என் பழக்கம். அதை நான் அரைக்கட்டுமா என்று கேட்டேன். என் கையை நம்புவாரா என்று தெரியவில்லை. "நீங்கதான் அரைக்கணும். நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

தட்டை உப்புத்தாள் போட்டு உரசி, மணல் போட்டு இரண்டு முறை அரைத்துக் கொட்டி, பிறகு கல்லை வைத்தேன். அன்றைக்கு என் கூம்பு சரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. மறுபடி குவித்தேன்.

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. மற்றப் பெட்டிகளில் இருப்பதுபோலத்தான், ஒரு பொட்டுகூட அதிகமில்லை. டைரக்டர் கூப்பிட்டார். கதவருகே நின்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இனிமே பூஜைக்குக் குங்குமம் மட்டும் போதும்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பயிற்சிப் பிள்ளைகளை என் அறைக்குக் கூட்டிவரவில்லை.

அறுபத்திரண்டாம் இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். வெளிநாட்டுக் கூட்டாளி விலகிக்கொண்டான். கப்பல் வெறும் வலையோடு போயிற்று. இயந்திரம் கரையிலேயே தார்ப்பாய்க்குள் கிடந்தது.

அன்று மகன் சாப்பிட உட்காரவில்லை. "ரிப்போர்ட் தப்பாம் அம்மா. உங்க ஆபீஸ்ல எவனோ கழுவத் தெரியாம கழுவியிருக்கான்."

"எவனோ இல்லடா. நான்தான்."

அவன் முகம் மாறியதை நான் எழுத விரும்பவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், தோசைத் திருப்பி வரைக்கும். அவன் தமிழிலேயே கேட்டான், தெலுங்கு கலக்காமல்.

"தப்பைத் திருத்தணும்னு சொன்னியா, இல்ல நான் போகக்கூடாதுன்னு சொன்னியா?"

தப்பைத் திருத்தத்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. "தெரியாதுடா" என்றேன். அவன் எழுந்துபோனான்.

ஐந்து மாதம் வேலை இல்லாமல் இருந்தான். பூங்காவுக்குப் போகவில்லை, வீட்டிலேயே இருந்தான். யார் கேட்டாலும், வேலை இல்லை, தேடுகிறேன் என்று நேராகச் சொன்னான். பிறகு பாங்குகளுக்குப் புரோகிராம் எழுதும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். நானும் காலம் முடிந்து ஓய்வுபெற்றேன். சால்வை போட்டார்கள். மேடம் ஒரு சின்ன டப்பா கொடுத்தார், திறந்தால் உள்ளே ஒரு பிடி புளி. இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன வாரம் மகன் வந்தான். பழைய முதலாளி கூப்பிட்டிருக்கிறாராம். செம்பு விலை மறுபடி ஏறிவிட்டதாம். அந்த இயந்திரத்தைத் தார்ப்பாயிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். இடமும் முடிவாகிவிட்டது. மூன்று தனித்தனி இடங்களில் சோதித்த ரிப்போர்ட்டாம், மூன்றும் ஒரே மாதிரி.

"இந்தத் தடவ புளி இல்லம்மா" என்றான், பாதி கிண்டலாக.

ஆமாம். என் கை இல்லை. பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் யார் மேஜையிலும் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் சரியாக இருப்பது இத்தனை பயமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"அந்தச் சேறு எங்க போய் உக்காரும்னு கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அதைப் பார்க்கத்தானே போறோம்" என்றான்.

பெட்டியில் வைக்கக் கம்பளிச் சட்டை வேண்டுமா என்று கேட்டேன். கப்பலுக்குள் ஏசி இருக்கும், கொடு என்றான். எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறேன். மடித்ததையே மறுபடி பிரித்து மடிக்கிறேன்.